முப்பதாம் நாள் பூசைக்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குடும்பத்தைத் தாங்கியவர் திடீரென்று இறந்துவிட்டால் கிறிஸ்தவச் சபை என்ன செய்யும் என்பது ஊருக்கே தெரியும். துக்க மணி அடிக்கும். அன்பியத்தார் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவினர்) வந்து செபமாலை சொல்வார்கள். அடக்கம், ஏழாம் நாள் பூசை, முப்பதாம் நாள் பூசை என்று எதுவும் விடுபடாது. சி.எஸ்.ஐ. சபையென்றால் குருவானவர் ஜெபிப்பார், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இரவு வரை பாடுவார்கள். இதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண்ணும் பிள்ளைகளும் இனிமேல் எதை வைத்து வாழப்போகிறார்கள் என்பதை முடிவு செய்கிற காகிதங்களும் இதே முப்பது நாளில்தான் உருவாகின்றன, அல்லது கெட்டுப்போகின்றன. அந்தப் பக்கம் சபை எட்டிப்பார்ப்பதில்லை. 'எல்லாம் ஆண்டவர் சித்தம்மா' என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். காகித வேலையும் சபையின் ஊழியம்தான் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

வேதாகமம் இதை உலகக் காரியம் என்று தள்ளிவைக்கவில்லை. இரண்டாம் இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தில், கணவனை இழந்த பெண்ணின் இரண்டு பிள்ளைகளைக் கடன்காரன் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். அவளிடம் எலிசா கேட்பது, 'வீட்டில் என்ன இருக்கிறது?' என்பதுதான். எண்ணெய் பெருகிய பிறகும், முதலில் விற்றுக் கடனைக் கட்டு, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்று வரிசை சொல்லித்தான் அனுப்புகிறார். எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து பெண்மக்கள் தகப்பனின் பங்கைக் கேட்டு மோசேயின் முன் நிற்கிறார்கள். அவர்கள் கேட்டது சரியென்று கர்த்தரே தீர்ப்புச் சொல்கிறார். ஆதிச் சபையில் விதவைகளுக்கான அன்றாடப் பங்கீட்டில் குறை வந்தபோது, ஜெபக்கூட்டம் கூட்டியதோடு நிற்காமல் அதற்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள் (அப்போஸ்தலர் 6).

இனி விஷயத்துக்கு வருகிறோம். முதல் காகிதம் இறப்புச் சான்றிதழ். 1969-ம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். 30 நாள் தாண்டினால் அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் நிர்வாக நடுவரின் ஆணை இல்லாமல் பதிய முடியாது. வீட்டில் இறந்தால் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடமும் நகரத்தில் நகராட்சி, மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலும் குடும்பத்தார் தகவல் தர வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் தகவல் தருவது மருத்துவமனையின் பொறுப்பு. இறப்பு எங்கே நேர்ந்ததோ அங்கேதான் பதிவு. நாங்குநேரிக்காரர் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் சொந்த ஊர் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு எத்தனை தடவை நடந்தாலும் பயனில்லை.

இதில் வருகிற சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடியவர் சேர்க்கைச் சீட்டில் 'ராஜன்' என்று சொல்லியிருப்பார். ஆதாரில் 'அந்தோணி ராஜன்', வங்கிப் புத்தகத்தில் 'ஏ. ராஜன்', கோயில் பதிவேட்டில் 'அந்தோணிசாமி'. சேர்க்கைச் சீட்டின் பெயர் இறப்பு அறிக்கைக்குப் போகும், அங்கிருந்து சான்றிதழுக்குப் போகும், பிறகு எல்.ஐ.சி., வங்கி, பி.எஃப். எல்லாமே திருப்பி அனுப்பும். உடலை வாங்குவதற்கு முன்பே ஆதார் நகலைக் கொடுத்து அறிக்கையில் பெயர், தகப்பன் பெயர் அல்லது துணைவர் பெயர், முகவரி மூன்றையும் ஒருவர் சரிபார்த்துவிட்டால் பல மாத அலைச்சல் மிச்சம். (அன்று மாலையே அடித்துக் கட்டுகிற கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் மட்டும் பெயர் ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கும்!) பிழையோடு சான்றிதழ் வந்துவிட்டால் பதிவாளரிடம் ஆதாரங்களோடு திருத்த மனு கொடுக்கலாம். அதைச் செய்துவிட்டுத்தான் மற்ற விண்ணப்பங்களைத் தொட வேண்டும்.

நம் மக்களில் பலருக்குக் கோயிலில் ஒரு பெயரும் அரசு ஆவணத்தில் வேறொரு பெயரும் இருக்கிறது. பட்டியல் சாதி அந்தஸ்தைக் கிறிஸ்தவர்களுக்கு மறுக்கிற 1950-ம் ஆண்டு ஆணைக்கு இதில் பெரும் பங்குண்டு; அந்த அந்தஸ்தை இழக்காதிருக்கப் பலர் அரசுக் காகிதத்தில் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறார்கள். அதைப்பற்றித் தனியே ஒரு கடிதம் எழுத வேண்டும். இங்கே சொல்ல வேண்டியது ஒன்று: கோயில் அடக்கப் பதிவேடு இறப்புச் சான்றிதழாகாது. அது துணை ஆதாரம் மட்டுமே. ஆனால் திருமணப் பதிவேட்டின் நகல் அப்படியல்ல. 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு அதுவே சான்று. 'நான்தான் மனைவி' என்று தாசில்தாரிடம் காட்ட அந்தப் பெண்ணிடம் வேறு காகிதம் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே கத்தோலிக்கப் பங்கு அலுவலகமோ சி.எஸ்.ஐ. சேகர அலுவலகமோ அந்த நகலைக் கேட்ட அன்றே கொடுக்க வேண்டும். சந்தா பாக்கி, கோயில் வரி பாக்கி என்று அதை நிறுத்திவைப்பது எங்கே நடந்தாலும் வெட்கக்கேடு. 'விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள்' என்று ஆண்டவர் கடிந்துகொண்டது கடன்காரர்களை அல்ல, வேதத்தைப் போதித்த வேதபாரகரை.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு தாசில்தார் தருவார். இறப்புச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் ஆதார், குடும்ப அட்டை, கல்யாணத்துக்கும் பிள்ளைகளின் பிறப்புக்கும் ஆதாரம் வேண்டும். குடும்ப அட்டையில் இறந்தவர் பெயரை நீக்க அவசரப்பட வேண்டாம். நீக்கும் முன் பழைய அட்டையை நகலெடுத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு வருகிறவர் அக்கம்பக்கத்தில் கேட்பார். இறந்தவருக்கு வேறு கல்யாணம், வேறு பிள்ளை என்று ஏதாவது இருந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஆட்சேபனை வந்து சான்றிதழ் ரத்தானால், அதை வைத்து வாங்கிய பணத்துக்கும் கேள்வி வரும்.

மாமியார், மருமகள் சண்டை தொடங்குவதும் இந்தச் சான்றிதழில்தான். அதில் மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயார் பெயரும் வரும். பெயர் வந்துவிட்டதால் ஆளுக்குச் சமபங்கு என்று நினைக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழ் யார் யார் உறவு என்று சொல்லும். பங்கு எவ்வளவு என்று சொல்லாது. பங்கைச் சொல்வது 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு. ஆணும் பெண்ணும் சமம். பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாய் தகப்பனுக்கு இந்தச் சட்டத்தில் பங்கில்லை. பிள்ளை, பேரப்பிள்ளை என்ற நேர்வழி வாரிசு இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, மறுபாதி தகப்பனுக்கு. தகப்பன் இல்லையென்றால் அந்தப் பாதியைத் தாயும் உடன்பிறந்தவர்களும் சமமாகப் பகிர்வார்கள். பிள்ளைகள் இருக்கும்போது வயதான தாய்க்குச் சட்டம் ஒன்றும் தரவில்லையே என்றால், ஆம், தரவில்லை. அங்கே சபைதான் பேசி ஒரு மாதப்படியை ஏற்பாடு செய்ய வேண்டும். சிலுவையில் தொங்கியபடியே தம் தாயை ஒரு சீடனின் வீட்டுக்கு ஒப்படைத்தவரை வணங்குகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

'மகளுக்குத்தான் சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுத்தாயிற்றே' என்ற வாதம் சட்டத்தில் நிற்காது. தகப்பன் உயிரோடிருக்கையில் பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக்கூடாது என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 49-வது பிரிவே சொல்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி அது. அங்கே 1916-ம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்கு, மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத்தான் கொடுத்தது. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் அது செல்லாது என்று தீர்ப்பளித்து, 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்து ஒரு தலைமுறை ஆகியும் பழைய கணக்கிலேயே வீட்டில் பேச்சு ஓடுகிறது. துக்கத்தோடு துக்கமாக மகள்களிடம் விடுதலைப் பத்திரத்தில் (தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது) கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. பத்திரப்பதிவை ஆறு மாதம் தள்ளிவைக்கச் சொல்வது கோயிலின் பங்குப் பேரவைக்கு (பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவுக்கு) ஒரு வார்த்தைச் செலவு.

இந்தப் பங்குக் கணக்கெல்லாம் இறந்தவர் பெயரில் இருந்த சொத்துக்கு மட்டும்தான். கிறிஸ்தவர்களுக்குப் பிறப்பாலே வருகிற பூர்வீகச் சொத்துரிமை கிடையாது. மாமனார் மனையில் கணவன் தன் சம்பாத்தியத்தில் வீடு கட்டியிருந்தால், மனை இன்னும் மாமனாருடையதுதான். மாமனாரும் உயில் எழுதாமல் காலமானால் பேரப்பிள்ளைகள் தங்கள் தகப்பனின் பங்கைப் பெறுவார்கள். மருமகளுக்குச் சட்டப்படி எதுவும் வராது. இதற்கு மருந்து மாமனார் உயிரோடிருக்கும்போதே எழுதுகிற உயிலோ தானசெட்டில்மென்டோதான். எல்லாரும் அழுது மனம் இளகியிருக்கிற நாட்களில் ஒரு பெரியவர் பக்குவமாக எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். ஓராண்டு போனால் கேட்பது கடினம்.

'வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிடு' என்று ஆலோசனை சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே என்றால் அந்த மூன்றில் இரண்டு பங்கைத் தாயும் தன்னிச்சையாக விற்க முடியாது. 1890-ம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளை மேஜரானதும் வழக்குப் போடலாம் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். அதனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்.

கடன் விஷயம் இதைவிட அவசரமானது. ஏழாம் நாளுக்குள்ளேயே தனியார் கடன்காரர் வந்து, 'அண்ணன் வாங்கினது, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்' என்பார். இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள், தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு. புதிய புரோநோட்டில் மனைவி கையெழுத்திட்டால் அது அவளுடைய சொந்தக் கடனாகிவிடும். வந்தவரிடம் பழைய பத்திரத்தின் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, முப்பது நாள் கழித்து வரச் சொல்லி அனுப்ப வேண்டும். அன்பியப் பொறுப்பாளர் பக்கத்தில் நின்றாலே போதும், கடன்காரரின் குரல் தணிந்துவிடும். நகைக்கடன் சீட்டு இருக்கிறதா என்று மட்டும் உடனே தேடுங்கள். வட்டி கட்டத் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். வங்கிக்கு எழுத்தில் தகவல் கொடுத்து அவகாசம் கேட்கலாம்.

வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடும்போது வங்கிப் புத்தகத்தில் ஒரு வருட வரவுசெலவை அச்சிட்டு வரிவரியாகப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் (புதிதாகச் சேர்ந்தவருக்குத் தொடக்க நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டும்). 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். பிடித்த கணக்கு எந்த வங்கியில் இருக்கிறதோ அந்தக் கிளையில்தான் விண்ணப்பம். கையில் பத்திரம் எதுவும் கிடையாது என்பதால் இவை இருப்பதே வீட்டுக்குத் தெரிவதில்லை. இறந்தவரின் செல்போன் எண்ணை அணைத்துப் போடாதீர்கள். 90 நாள் பயன்படுத்தாவிட்டால் எண் போய்விடும். பிரீமியம், சீட்டு, கடன் தவணை எல்லாம் அந்த எண்ணுக்கு வருகிற குறுஞ்செய்தியில்தான் தெரியவரும். ஆனால் அதே போனை வைத்துப் பணம் அனுப்புவதும், ஏ.டி.எம். அட்டையில் அடக்கச் செலவுக்கு எடுப்பதும் கூடாது. வங்கிக்குத் தெரிந்தால் கோரிக்கை சிக்கலாகும். மற்ற வாரிசுகள் வழக்கும் போடலாம். வங்கியில் நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கிற பொறுப்பாளர் மட்டுமே, சொந்தக்காரர் ஆகமாட்டார். இதை இறந்தவரின் தம்பி நாமினியாக இருக்கிற வீடுகளில் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பி.எஃப். பிடித்த வேலையென்றால் கேட்க வேண்டியவை மூன்று. சேமிப்புத் தொகைக்கு படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்கு 10-டி, காப்பீட்டுக்கு 5-ஐ.எஃப். பெரும்பாலோர் முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை உண்டு. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டுமே என்று கம்பெனியில் சொன்னால் நம்ப வேண்டாம். பணியில் இருக்கும்போது நேர்ந்த மரணத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) உள்ள ஐந்தாண்டு நிபந்தனையும் மரணத்துக்குப் பொருந்தாது. அந்தப் பெண் பிறகு மறுமணம் செய்தால் பி.எஃப். ஓய்வூதியம் அவளுக்கு நிற்கும். கணவன் சொத்தில் வந்த மூன்றில் ஒன்று போகாது. மறுமணத்தை வேதம் தடுக்கவில்லை. சொத்து போய்விடும் என்று பயமுறுத்துகிற உறவினரும் சட்டம் படித்தவரல்ல.

அரசு வேலை என்றால் கருணை அடிப்படையிலான பணிக்கு மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சாலை விபத்தென்றால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலையும் வாங்கி, ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. இடித்த வண்டி தெரியவில்லையென்றாலும் 2 லட்சம் இழப்பீடு உண்டு. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் 1,200. ஆதரவற்ற விதவைச் சான்றிதழை வேலைவாய்ப்பு முன்னுரிமைக்காகக் கோட்டாட்சியரிடம் வாங்க வேண்டும். இறந்தவருக்குத் தொழிலாளர் நலவாரிய உறுப்பினர் அட்டை இருந்தால் புதுப்பிப்பு தேதியைப் பாருங்கள்.

கடலோரப் பங்குகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரிக் கடற்கரை கண்டதுதான் இது. உடல் கிடைக்கவில்லையென்றால் இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் நகராது. ஏழாண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்தவராகச் சட்டம் கொள்ளும். அரசு சிறப்பு ஆணை போட்டால் முன்பே கிடைக்கும். அதற்கு ஆதாரம் தேவை. காணவில்லை என்ற புகாரைக் கடலோரக் காவல் நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் உடனே கொடுத்து ரசீது வாங்க வேண்டும். கூடப் போய்த் தப்பித்தவர்கள் அடுத்த தொழிலுக்குக் கேரளாவுக்கோ குஜராத்துக்கோ போகும் முன் அவர்கள் வாக்குமூலம் எழுதப்பட வேண்டும். 'உடல் வராமல் புகார் கொடுத்தால் அவர் செத்துப்போனார் என்று நானே ஒத்துக்கொள்வதாகாதா?' என்று மனைவி தயங்குவாள். காணவில்லை என்று சொல்வது நம்பிக்கையை விடுவதல்ல என்று பங்குத்தந்தைதான் சொல்ல முடியும். வேறு யார் சொன்னாலும் எடுபடாது. சங்கத்தில் பதிவு செய்த மீனவருக்கு விபத்துக் காப்பீடு 5 லட்சம் இருக்கிறது; அதற்கும் இதே காகிதங்கள்தான்.

இதற்குப் புதிய சங்கம் எதுவும் தொடங்க வேண்டாம். அன்பியத்துக்கு இருவர் போதும், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் எப்படியும் வீடு சந்திக்கிறார்கள். ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும் வி.ஏ.ஓ.வும் எந்தப் பங்கிலும் இருப்பார்கள். அசல் ஆவணத்தை இவர்கள் கையில் வாங்கக்கூடாது, நகல் மட்டும். ஓ.டி.பி. கேட்கக்கூடாது. பணத்தைத் தொடக்கூடாது. அந்த வீட்டில் எவ்வளவு வந்தது என்று கோயில் திண்ணையில் பேசுகிறவரை அடுத்த வாரமே மாற்றிவிட வேண்டும். இந்த ஏற்பாடு எங்கேயாவது கெட்டுப்போனால் பெரும்பாலும் வாயால்தான் கெடும். முதல் சந்திப்பு மூன்றாம் நாள், பெயர் சரிபார்க்க. இரண்டாவது பதினைந்தாம் நாள், 21 நாள் கெடு தாண்டாதிருக்க. முப்பதாம் நாளுக்கு அசன விருந்தும் கிரானைட் கல்லறையும் கடனில் செய்யாதீர்கள் என்று சொல்லவும் அந்தச் சந்திப்பே தோது. கல்லறையைக் கட்ட அடுத்த ஆண்டும் இருக்கிறது.

இந்த அலைச்சலில் ஒரு பகுதியைக் கல்யாணத் தயாரிப்பு வகுப்பிலேயே குறைத்துவிடலாம். ஓலை எழுதும் (கோயிலில் கல்யாண அறிவிப்புக்குப் பெயர் கொடுக்கும்) நாளில் இருவரின் ஆதாரையும் வாங்கி, திருமணப் பதிவேட்டில் ஏறப்போகிற பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வேறாக இருந்தால் 'என்கிற' என்று போட்டு இரண்டையும் எழுதிவிடலாம். கல்யாணம் முடிந்த மாதமே பி.எஃப்., வங்கி, எல்.ஐ.சி. மூன்றிலும் நாமினியை மாற்றச் சொல்லி, மாற்றிய நகலை அடுத்த மாதம் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பங்குப் பணித் தொண்டர்கள்,
நாகர்கோவில்.